புதுப் பாய்மரப் படகு முதன்முதலாகக் கடலுக்குப் போகும் முன்: டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

புதுப் படகுதானே, பயமில்லாமல் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நேர் எதிர். இருபது வருஷம் கடலில் அடிபட்ட படகில் உடைய வேண்டியதெல்லாம் உடைந்து, மாற்றி, முடிந்திருக்கும். புதுப் படகில் எந்த நட்டை முறுக்க மறந்தார்கள் என்பது இன்னும் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் போகும் முதல் ஆள் நீங்கள். கண்டுபிடிப்பது துறைமுகத்திலா, நடுக்கடலிலா என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

என் ஊர் தூத்துக்குடி. அப்பா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடிய தோணியில் வேலை பார்த்தவர். நான் பிழைக்க வந்த இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். இங்கே பாய்மரப் படகுகளுக்குக் கம்பியும் கயிறும் கட்டிக் கொடுப்பது என் தொழில். போன சீசனில் ஒரு தமிழருடைய புதுப் படகைத் தயார் செய்தேன், கூடவே கடலுக்கும் போனேன். அவர் இங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர், ஓய்வு பெற்ற இன்ஜினியர். மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பல வருஷம் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில் அவருடைய கொள்ளுத்தாத்தா வந்திறங்கினார். "அவருக்குப் பிறகு எங்க வீட்டுல ஒருத்தரும் கடலுக்குப் போகல தம்பி" என்பார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

படகு 40 அடி, ஃபைபர், ஒற்றை உடல், கீழே படகு கவிழாமல் நிறுத்தும் ஈய எடையான கீல். டர்பனிலிருந்து கேப் டவுன், பிறகு அங்கிருந்து செயின்ட் ஹெலினா தீவு என்பது திட்டம். முதல் பகுதியே சுமார் 800 கடல்மைல். கேப் பக்கம் சுற்றிப் போக டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ஆகஸ்டுக்குள் படகு தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும். நவம்பரில் படகை வாங்கி டிசம்பரில் கிளம்புகிறேன் என்று வருபவர்களை நான் கைகூப்பி அனுப்பிவிடுவேன்.

தண்ணீரில் இறக்கிய முதல் வாரம்: ஓட்டைகளை எண்ணுங்கள்

படகின் அடியில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று வாங்கியவரைக் கேளுங்கள். பெரும்பாலும் தெரியாது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கும் ஓட்டை, கழிப்பறைக்கு வரவும் போகவும், சமையல் தொட்டி, மேல்தளத்து வடிகால், ஆழம் பார்க்கும் கருவி, புரொப்பெல்லர் தண்டு, சுக்கான் என்று எங்கள் படகில் 11 இருந்தன. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தேடுகிறவருக்காகத்தான் அந்தப் படம்.

பிறகு ஒவ்வொரு வால்வையும் கையால் திறந்து மூடிப் பாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் எல்லாக் குழாய்க்கும் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப் வேண்டும். வால்வு என்ன உலோகம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை உப்புத் தண்ணீர் தின்றுவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், தட்டினால் பிஸ்கட் மாதிரி உதிரும். வெண்கலமோ, துத்தநாகம் கரையாத வகைப் பித்தளையோ, கடலுக்கென்று செய்த பிளாஸ்டிக் கலவையோ இருந்தால் சரி. ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் அதன் அளவுக்கு ஏற்ற கூம்பு வடிவ மரக்கட்டையைக் கயிற்றால் கட்டித் தொங்க விடுங்கள். வால்வு முறிந்தால் அடித்து இறுக்க அதுதான்.

இதற்குப் பிறகு நான் செய்வதைப் பார்த்து அண்ணன் முதலில் சிரித்தார். தரைப் பலகைகளை எல்லாம் தூக்கி, அவற்றின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளமான பில்ஜைத் துணியால் ஒற்றி ஒற்றி எலும்பாகக் காயவைத்தேன். கீல் போல்ட்டுகளைச் சுற்றி, ஒவ்வொரு வால்வைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியின் ஓரமெல்லாம் கோலமாவு தூவினேன். கோலம் இல்லை, சும்மா மெல்லிய பூச்சு. மறுநாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் வெள்ளை. இரண்டாம் நாள், கழிப்பறைக்குத் தண்ணீர் வரும் வால்வுக்குக் கீழே எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஒரே ஒரு கோடு. குழாயைப் பிடித்து ஆட்டினேன், கையோடு சுழன்றது. இரண்டு கிளிப்பும் அழகாக மாட்டியிருந்தார்கள், முறுக்கத்தான் மறந்திருந்தார்கள். படகுத்துறையில் நிற்கும்வரை வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது. கடலில் படகு ஒரு பக்கம் சாய்ந்து, குழாய் நான்கு நாள் ஆடியிருந்தால் கழன்றிருக்கும். அங்குல விட்டக் குழாய் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே திறந்துகொண்டால் நிமிஷத்துக்கு எழுபது லிட்டருக்கு மேல் உள்ளே வரும். படகோடு வந்த மின்சாரப் பம்ப் அந்த வேகத்துக்கு மூச்சு முட்டும்.

பில்ஜில் தண்ணீர் கண்டால் பதறாமல் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கரித்தால் கடல். கரிக்காவிட்டால் உங்கள் தொட்டி ஒழுகுகிறது, இல்லை மழை எங்கோ வழி கண்டுபிடித்திருக்கிறது. டீசல் வாசனை அடித்தால் நாக்கு வேண்டாம்.

புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் ரப்பர் சீல் இருந்தால், ஒவ்வொரு முறை படகைத் தண்ணீரில் இறக்கியதும் அதை விரலால் அழுத்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை அழுத்த வேண்டும். செய்யாவிட்டால் சீல் காய்ந்தபடி சுற்றிக் கருகிவிடும். பழைய முறைப்படி கயிறு திணித்த வகையாக இருந்தால் தண்டு சுற்றும்போது நிமிஷத்துக்குச் சில சொட்டு விழுவதுதான் ஆரோக்கியம். சில வாரம் பாயில் ஓடிய பிறகு கீல் போல்ட்டுகளைப் படகு கட்டியவர்கள் கொடுத்த அளவுக்கு மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

கம்பியும் பாயும்

இது என் தொழில், கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன்.

புதுக் கம்பி இளகும். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளைக் கட்டுகிறவர்கள் ஒருமுறை முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று நாள் நல்ல காற்றில் ஓடினால் முனைப்பிடிகள் உட்கார்ந்து, இழைகள் ஒன்றோடு ஒன்று படிந்து, எல்லாம் தளர்ந்துபோகும். அப்புறம்தான் உண்மையான முறுக்கு. அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், தச்சர் வைத்திருக்கும் டேப் போதும். 19 இழைத் துருப்பிடிக்காத கம்பியில் 2 மீட்டர் நீளம் 1 மில்லிமீட்டர் நீண்டால், அறுபடும் பாரத்தில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கம்பி தளர்வாகக் கையால் இழுத்த நிலையில் இருக்கும்போது 2 மீட்டர் உயரத்தில் டேப்பின் நுனியைக் கம்பியோடு ஒட்டுங்கள், கீழே ஒரு கோடு போடுங்கள். முறுக்க முறுக்க டேப் மேலே ஏறும். 3 மில்லிமீட்டர் ஏறினால் 15 சதவீதம். உச்சிக்குப் போகும் பக்கவாட்டுக் கம்பிக்கு நான் 15க்கும் 20க்கும் நடுவில் நிறுத்துவேன். பிறகு கடலில், படகு 20 பாகை சாய்ந்து ஓடும்போது, காற்று மறைவுப் பக்கத்துக் கம்பி தொளதொளவென்று ஆடக்கூடாது. ஆடினால் துறைக்கு வந்து இன்னும் ஒரு சுற்று.

போல்ட் கழலாமல் பூட்டும் கோட்டர் பின்கள் சின்னச் சாமான், ஆனால் பாய்மரம் விழுந்த கதைகளில் பாதி அவற்றில்தான் தொடங்கும். எங்கள் படகில் நான் உச்சிக்கு ஏறியபோது, நடுவில் குறுக்கே நீட்டியிருக்கும் கட்டையின் போல்ட்டில் பின் மாட்டியிருந்தது, வளைத்துவிடாமல். ஊதினால் விழும். கீழே கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றையிலிருந்து கோலமாவுக்குச் சிரிக்கவில்லை. பின்னின் இரண்டு காலையும் லேசாக விரித்தால் போதும், முழுக்க மடக்கினால் ஆபத்து நேரத்தில் கழற்ற முடியாது. கூர்முனை பாயைக் கிழிக்காமல் டேப் சுற்றுங்கள்.

புதுப் பாய் எங்கே உரசும் என்று பாய் தைத்தவருக்குத் தெரியாது. காற்றில்லாத காலையில் பெரிய பாயை ஏற்றி, அதன் கட்டையை வெளியே தள்ளிவிட்டு, குறுக்குக் கட்டையின் நுனியில் லிப்ஸ்டிக் தடவினேன். அண்ணி கொடுத்தார், என்ன காரியத்துக்கு என்று தெரியாமல். பாயில் சிவப்பு படிந்த இடமெல்லாம் ஒட்டுத்துணி. பாயைச் சுருக்க இரண்டு நிலை வைத்துத் தந்திருந்தார்கள். கேப் பக்கம் போகிறவருக்கு மூன்றாவது நிலை இல்லாமல் ஆகாது. தனியாகச் சின்னப் புயல் பாய் ஒன்றும் வேண்டும். வாங்கிப் பையிலேயே வைக்காதீர்கள். துறையில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். இருட்டில் எந்தக் கொக்கி எதில் மாட்டும் என்பதே மறந்துபோகும்.

எஞ்சின்

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்பவர் டர்பன் துறைமுக வாயிலில் கன்டெய்னர் கப்பலை நேருக்கு நேர் பார்த்திருக்க மாட்டார்.

கரையில் நிற்கும்போது படகின் உடல் ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கும்போது இன்னொரு வடிவம். அதனால் எஞ்சினும் தண்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று தண்ணீரில் இறக்கிச் சில நாள் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு இணைப்புத் தட்டுக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டு நாலு பக்கமும் அளவெடுங்கள். தட்டின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. முதல் 50 மணி நேரத்தில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். அந்த 50 மணி நேரத்தைக் கிளம்பும் முன்பே ஓட்டி முடித்துவிட வேண்டும்.

புது டீசல் தொட்டி சுத்தமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். எங்கள் தொட்டியின் மூடியைத் திறந்து காந்தமும் துணியும் விட்டுத் துழாவினால் துளையிட்டபோது விழுந்த உலோகச் சுருள்களும் ஃபைபர் தூளும் ஒரு கைப்பிடி வந்தன. துறையில் அது அடியில் அமைதியாகக் கிடக்கும். அலையில் படகு குலுங்கியதும் கலங்கி ஃபில்டரை அடைக்கும். அதுவும் எப்போது? பாயை இறக்கிவிட்டு எஞ்சினை நம்பித் துறைமுகத்துக்குள் நுழையும்போது. ஃபில்டர் ஆறு, தண்ணீர்ப் பம்ப்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் இரண்டு, பெல்ட் இரண்டு கையிருப்பு வையுங்கள். இம்பெல்லரை ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டிப் பழகுங்கள். எந்த ஸ்பேனர் உள்ளே போகும், எது போகாது என்பது அப்போதுதான் தெரியும்.

கரன்ட், தண்ணீர், சாப்பாடு

கணக்கு சுலபம். 12 வோல்ட்டில், சுக்கானைத் தானே திருப்பும் ஆட்டோபைலட் சராசரி 4 ஆம்பியர், ஃபிரிட்ஜ் 3, கருவிகளும் விளக்கும் ரேடியோவும் சேர்த்து 2.5. நாளுக்கு 228 ஆம்பியர்-மணி ஆகிறது. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. எங்கள் படகோடு வந்தது 300 ஆம்பியர்-மணி. அதாவது பதினாறு மணி நேரத்தில் இருட்டு. சோலார் தகடும் இன்னும் இரண்டு பேட்டரியும் சேர்த்தோம், ராத்திரியில் ஃபிரிட்ஜை அணைத்தோம். சாப்பாட்டுக்கு அண்ணி முறைத்ததைத் தவிர வேறு சேதமில்லை.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர். புதுத் தொட்டித் தண்ணீரில் பெயின்ட் வாசனை வரும், மூன்று நான்கு முறை நிரப்பிக் கொட்டுங்கள். தொட்டி தவிர கேன்களிலும் தனியாக வையுங்கள்.

சமையலுக்குப் பிரஷர் குக்கர்தான் ராஜா, மூடி பூட்டியிருப்பதால் கொதிப்பது மேலே கொட்டாது. முதல் இரண்டு நாளுக்குப் புளிசாதம். அந்த இரண்டு நாளில் யாருக்கும் பசிக்காது என்பது வேறு விஷயம். குமட்டலுக்கு மாத்திரை போடுபவர்கள் கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான் போகும்.

உயிர் காக்கும் சாமான்கள்

2022 நவம்பரில், உலகத்தைத் தனியாகச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் ஓடிய பின்லாந்துக்காரர் தாப்பியோ லேஹ்தினனின் படகு போர்ட் எலிசபெத்துக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் மூழ்கியது. பின்பக்கமிருந்து தண்ணீர் ஏறி, ஐந்தே நிமிஷம். லைஃப் ராஃப்ட் என்ற மிதவைப் படகில் ஏறிய அவரை, அதே பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் தன் படகைத் திருப்பிக்கொண்டு வந்து மறுநாள் ஏற்றிக்கொண்டார். அந்தப் பந்தயத்தை 2023இல் ஜெயித்ததும் அவர்தான். இரண்டாவது வந்தவர் நம் இந்தியாவின் அபிலாஷ் டோமி. டர்பன் படகுத்துறையில் இந்தக் கதையைச் சொல்லாதவர் இல்லை. எனக்கு அதில் ஒட்டிக்கொண்டது ஐந்து நிமிஷம் என்ற கணக்கு.

அதனால் லைஃப் ராஃப்ட்டை எங்கே வைப்பது என்பதை ஐந்து நிமிஷக் கணக்கில் முடிவு செய்யுங்கள். படகில் வலு குறைந்தவர் யாரோ அவரால் தனியாகத் தள்ளிவிட முடிய வேண்டும். எங்கள் படகில் அது அண்ணி. பின்பக்கத்துப் பெட்டிக்குள், நாலு மூட்டைக்கு அடியில் இருந்ததை அவரால் அசைக்கவே முடியவில்லை. வெளியே, அமரத்தில், அதாவது பின்முனையில், தடுப்புக் கம்பியை ஒட்டி ஒரு தாங்கியில் மாற்றினோம்.

ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் ஈபர்ப் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும், படகின் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத ஈபர்ப் கத்தினால், கத்துவது யார் என்று தெரியாமல் மீட்பு மையத்தில் நேரம் போகும். படகுக்குக் கொடுக்கும் ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண் தென்னாப்பிரிக்காவில் 601 என்று தொடங்கும். ரேடியோவிலும், நம் இடத்தை மற்றக் கப்பல்களுக்குக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியிலும் ஈபர்ப் பதிவுத் தாளிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். எங்கள் ஏ.ஐ.எஸ்.சில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. பொருத்தியவரிடம் சொன்னதற்கு "கருவி வேலை செய்கிறதே" என்றார்.

மேல்தளத்தில் அமரத்திலிருந்து முன்முனையான அணியம்வரை ஓடும் பாதுகாப்புப் பட்டை தட்டையாக இருக்கட்டும். உருண்டைக் கயிறு காலடியில் உருளும். ஓரத்தில் கட்டாமல் நடுவை ஒட்டிக் கட்டுங்கள், விழுந்தால் படகுக்குள்ளேயே விழுகிற மாதிரி. கையால் இயக்கும் பில்ஜ் பம்ப் ஒன்று உள்ளே, ஒன்று சுக்கான் பிடிப்பவர் கைக்கெட்டும் இடத்தில். பிறகு இரண்டு நல்ல வாளி.

வெள்ளோட்டம்

மூன்று முறை பகலில் துறைமுக வாயிலை ஒட்டிய பிளஃப் குன்றைச் சுற்றி, ஒருமுறை ராத்திரியில், கடைசியாக வடகிழக்கே சுமார் 90 கடல்மைல் தள்ளியிருக்கும் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு. இந்த வரிசையில்தான் நான் எந்தப் புதுப் படகையும் கொண்டுபோவேன். ரிச்சர்ட்ஸ் பே போகும்போது நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எதிரே வரும், கரையை ஒட்டிப் போக வேண்டும். காற்று 20, 25 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) வீசும் நாளாகப் பார்த்துப் போங்கள். நல்ல வெயிலில் இளங்காற்றில் ஓட்டிவிட்டு எல்லாம் பிரமாதம் என்று வருவது வெள்ளோட்டமில்லை, பிக்னிக்.

ஓடும்போது சில காரியங்களைக் கட்டாயம் செய்யுங்கள். சுக்கான் சக்கரத்தின் கேபிள் அறுந்தது என்று வைத்துக்கொண்டு, அவசரத்துக்குச் சுக்கானைக் கையால் திருப்பும் தண்டான டில்லரை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். எங்கள் டில்லர் மாட்டியதும் பின் இருக்கையில் இடித்தது, முப்பது பாகைக்கு மேல் திரும்பவில்லை. ரிச்சர்ட்ஸ் பேயில் வெட்டி வெல்டு வைத்தோம். ஆள் விழுந்தால் எடுக்கும் பயிற்சிக்கு, நார் உரிக்காத தேங்காயைக் கடலில் எறியுங்கள். தலையளவு இருக்கும், தலையைப் போலவே அலைக்குள் மறைந்து மறைந்து தெரியும். அண்ணன் முதல் தேங்காயைத் தொலைத்தார், இரண்டாவதையும் தொலைத்தார். நான்காவதைப் பிடித்தபோது ராத்திரி குழம்புக்கு எடுத்து வைத்துக்கொண்டார்.

ராத்திரி ஆட்டோபைலட் கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்தது. போக வேண்டிய திசையிலிருந்து 20 பாகை விலகி ஓடும், திருத்தினால் மறுபடி விலகும். கையேட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில் கட்டிலுக்கு அடியில் அதன் திசைகாட்டிப் பெட்டி இருக்கும் அறையைத் திறந்தால், பக்கத்தில் சொகுசாகச் சாய்ந்திருந்தது அண்ணியின் இரும்புத் தோசைக்கல். இடம் தேடி அங்கே வைத்திருக்கிறார். தோசைக்கல்லைச் சமையல் பக்கம் மாற்றினோம், படகு நேராகப் போனது. இப்போது நான் ஏறும் எந்தப் படகிலும் முதலில் கேட்பது திசைகாட்டி எங்கே, அதைச் சுற்றி ஒரு கை தூரத்தில் இரும்போ ஸ்பீக்கரோ இருக்கிறதா என்றுதான். சாமான் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு மெதுவாக வட்டமடித்துத் திசைகாட்டியைச் சரிசெய்வது அவசியம். காலிப் படகில் சரிசெய்தது கணக்கில் வராது.

ரிச்சர்ட்ஸ் பேயில் கட்டியபோது நோட்டில் 27 குறை. அணியத்து மேல்கதவில் ஒழுக்கு, திறந்து பறந்த டிராயர், உச்சியில் மினுக்கிய விளக்கு, இப்படி. அவசரப்படாமல் அங்கேயே ஒரு வாரம் இருந்து முடித்தோம்.

காகித வேலை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கக் கடல் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவின் விதிப்படி, கரையிலிருந்து 40 கடல்மைலுக்கு மேல் போகும் படகு 'ஏ' பிரிவு. படகுக்குத் தகுதிச் சான்றும் ஓட்டுபவருக்கு அதற்கேற்ற உரிமமும் வேண்டும். துறைமுகம் விட்டுத் துறைமுகம் போக 'ஃப்ளைட் பிளான்' தாக்கல் செய்து முத்திரை வாங்க வேண்டும், பெயரில்தான் விமானம். நாட்டைவிட்டுப் போவதானால் குடியேற்றமும் சுங்கமும் கூட. ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், பேனா கொண்டுபோங்கள். 1967இல் தொடங்கிய என்.எஸ்.ஆர்.ஐ. என்ற தன்னார்வ மீட்பு அமைப்பு சேஃப்டிரெக்ஸ் என்ற செயலியை இலவசமாகத் தருகிறது. கரையோரம் போகும்போது அதில் உங்கள் பாதையைப் பதிந்துவையுங்கள்.

நீவாடும் நாள் பார்ப்பதும்

படகு தயார். இனிமேல்தான் பெரிய விஷயம்.

டர்பனுக்குத் தெற்கே அகுல்ஹாஸ் நீவாடு கரையோடு தென்மேற்காக ஓடுகிறது. வேகமான இடத்தில் 4, 5 நாட். நம் படகே 6 நாட்தான் ஓடும், ஆகவே அது இனாம். அதன் வேகமான பகுதி கண்டத்திட்டு செங்குத்தாக இறங்கும் 200 மீட்டர் ஆழக்கோட்டை ஒட்டியும் அதற்கு வெளியேயும் இருக்கும். பழைய ஆட்கள் நூறு பாகம் (ஒரு பாகம் ஆறடி) என்பார்கள், ஏறக்குறைய அதே கோடுதான். தண்ணீர் வெப்பத்தைப் பாருங்கள். கரையோரத்தைவிட இரண்டு மூன்று டிகிரி கூடினால் நீவாட்டுக்குள் வந்துவிட்டீர்கள்.

இனாத்துக்கு விலை உண்டு. தெற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வழுத்தங்கள் வரும்போது காற்று வடகிழக்கிலிருந்து சட்டென்று தென்மேற்குக்கு மாறும். சில நேரம் பத்து நிமிஷத்தில். காற்று ஒரு பக்கம், நீவாடு எதிர்ப்பக்கம். அலை நெருங்கி, நிமிர்ந்து, முன்னால் பள்ளம் விழுந்த சுவராக எழும்பும். 20 மீட்டர் உயர அலை வரலாம் என்று இந்தக் கரையின் கடல் வரைபடங்களிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மாலரி 1974இல் இந்த அசாதாரண அலைகளைப் பற்றி எழுதினார். அதற்கு வெகுகாலம் முன்பு, 1909 ஜூலை 26 அன்று டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பிய வராட்டா கப்பல் 211 பேரோடு காணாமல் போனது. இன்றுவரை ஒரு பலகை கிடைக்கவில்லை.

டர்பனிலிருந்து அடுத்த துறைமுகம் ஈஸ்ட் லண்டன், சுமார் 250 கடல்மைல். நடுவில் வைல்டு கோஸ்ட் என்ற கரை. ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. ஆகவே நாள் பார்ப்பது இப்படி: ஒரு தென்மேற்குக் காற்று அடித்து ஓயும்வரை டர்பனில் காத்திருங்கள். அது ஓயும்போது காற்றழுத்தமானி ஏறி 1020 மில்லிபார் வாக்கில் நின்று, மெல்ல இறங்கத் தொடங்கும். அந்த உச்சியில் கிளம்புங்கள். மிச்ச அலை மூஞ்சியில் அடிக்கும், பரவாயில்லை. சில மணி நேரத்தில் வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து வரும், நீவாடு தூக்கும், ஒன்றரை நாளில் ஈஸ்ட் லண்டன். அடுத்த தென்மேற்குக்கு இரண்டு முழு நாளாவது இடைவெளி இருப்பதாக முன்னறிவிப்பு சொல்ல வேண்டும், ஒரே ஒரு முன்னறிவிப்பு போதாது. வழியில் அழுத்தம் வேகமாக விழுந்து, வடகிழக்கு திடீரென்று செத்து, தெற்கே அடிவானத்தில் உருட்டி வைத்த பஞ்சு மாதிரி மேகம் தெரிந்தால் உடனே கரைப்பக்கம் ஒதுங்குங்கள். 200 மீட்டர் கோட்டுக்கு உள்ளே, 100 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில். அங்கே நீவாடு பலவீனம், அலை அவ்வளவு நிமிராது. கரைக்கு மிக அருகே போவதும் கூடாது. அந்த இடைப்பட்ட பட்டையில்தான் உயிர் இருக்கிறது. 1858இல் தொடங்கிய ராயல் நேட்டல் யாட் கிளப்பில் வயதானவர்கள் இதையேதான் வேறு வேறு கெட்டவார்த்தைகளோடு சொல்லித் தருவார்கள்.

எங்களுக்கு இதில் ஒரு சிக்கல். அண்ணி கோயிலில் கேட்டு ஒரு வியாழக்கிழமை காலையைக் குறித்து வாங்கி வந்திருந்தார். அந்த வியாழக்கிழமை தென்மேற்குக் காற்று 35 நாட் வேகத்தில் ஊளையிட்டது. அண்ணனுக்கு மனைவியிடமும் பேச முடியவில்லை, என்னிடமும் பேச முடியவில்லை. "ஊரில் பரஸ்தானம் வைப்பார்களே அண்ணி, நல்ல நேரத்தில் மூட்டையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, வசதிப்பட்ட நாளில் கிளம்புவார்களே" என்றேன். அவர் பாட்டி செய்வதைப் பார்த்திருக்கிறாராம், பெயர்தான் தெரியாது. குறித்த நேரத்தில் சூடம் காட்டி, கயிற்றை அவிழ்த்து, படகை முப்பது அடி நகர்த்தி அடுத்த தோணித்துறையில் கட்டினோம். பரஸ்தானம் முடிந்தது.

சனிக்கிழமை பின்னிரவு மூன்று மணிக்கு அழுத்தமானி 1021இல் நின்றது. காற்று ஓய்ந்து கயிறுகள் தட்டாமல் தொங்கின. ஐந்து மணிக்குத் துறைமுகக் கட்டுப்பாட்டிடம் அனுமதி வாங்கி, வாயிலின் இரண்டு அலைதடுப்புச் சுவருக்கும் நடுவே வெளியே வந்தோம். மிச்ச அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பிளஃப் குன்று வலப்பக்கம் நழுவியதும் அண்ணன் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சோடு கீழே இறங்கினார். தரைப் பலகை தூக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"மாவு அப்படியே இருக்கு தம்பி" என்று குரல் வந்தது.